பதினான்காம் எண் பேட்ஜ்

மார்ச் 4, செவ்வாய்

வந்த மூட்டைகள் நாற்பத்தொன்று. போனவை முப்பத்தெட்டு. எதுவும் ஆள் மாறவில்லை.

சலவைக் கடைக் கவுன்டரில் நான் நிற்க ஆரம்பித்து இன்றோடு ஒரு வருடமும் இரண்டு மாதமும். அந்தப் பலகைக்குப் பின்னால் போய் நின்றால் எனக்குக் குரல் வந்துவிடுகிறது என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். "ரசீது இருக்கா சார்?" "ரசீது இல்லாம துணி தர மாட்டோம்ங்க." "பாக்கெட்ல ஏதாவது இருக்கான்னு பாத்துக்குங்க." இந்த மூன்று வாக்கியத்தை வைத்தே ஒரு நாளைக்கு நூறு பேரைச் சமாளித்துவிடுவேன். வீட்டு வாசலை மிதித்ததும் பழையபடி வாய் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் என்னைக் கூப்பிடுவதே ஊமைக்கோட்டான் என்றுதான்.

ஒவ்வொரு உருப்படியிலும் எண் எழுதிய சீட்டைக் குத்துவதும் என் வேலை. எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட வேண்டும். போடாவிட்டால் 68 தலைகீழாகத் திரும்பி 89 ஆகிவிடும், ஒருவர் பேன்ட் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். நான் ஒரு தடவைகூடக் கோட்டை மறந்ததில்லை. பெருமைதான். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் இங்கே.

காலையில் கவுன்டர் ஆணியில் தொங்கும் 14-ஆம் எண் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டேன். சாயங்காலம் அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் நேற்று வந்தார், வேறு ஏதோ பெரிய கம்பெனியில் இருந்தவராம். சட்டை மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது, எங்கள் கடையில் தேய்த்தது இல்லை.

மார்ச் 6, வியாழன்

புது மேனேஜர் இன்று என் கையைப் பார்த்தார். பார்த்தார் என்றால், பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது கையில?"

வெள்ளைத் திட்டு, பன்னிரண்டு வயதிலிருந்து இருக்கிறது, ஒட்டாது, டாக்டர் சீட்டு வீட்டில் இருக்கிறது — எல்லாம் மனதுக்குள் வரிசையாக வந்தது. வாயில் வந்தது "தோல் சார்" மட்டும்.

மதியம் மேசையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை இருந்தது. தரை கழுவுகிறவர்கள் போடும் மஞ்சள் கையுறை.

மார்ச் 7, வெள்ளி

கையுறை போட்டால் ஊசி பிடிக்க முடியவில்லை. மூன்று சீட்டு கீழே விழுந்தது. ஒரு அம்மா கேட்டார், "என்ன பாப்பா, பாத்திரம் தேய்க்கவா போறே?" கழற்றி வைத்தேன்.

நாலரை மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஸ்டீம் அறை வாசலில் நின்று சொன்னார். உள்ளே இஸ்திரி அக்கா இருந்தாள், ஐந்தடி தூரத்தில். அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

"நாளைலேருந்து நீ உள்ள ஸ்டீம் ரூம்ல நில்லு."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. வேலை நல்லாதான் செய்யற. ஆனா துணி வாங்க வர்றவங்க உன் கையத்தானம்மா பாப்பாங்க? நம்ம தொழிலே சுத்தம். புரிஞ்சுக்கோ."

புரிந்துகொள்ள வேண்டுமாம். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? ஏன்டி ஆட்டின?

மார்ச் 8, சனி

ஸ்டீம் அறை. பாய்லர் நோட்டில் மணிக்கு ஒருமுறை அழுத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கவுன்டருக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். என் வயதுதான், பதினெட்டு இருக்கும். ஆணியில் இருந்த 14-ஐ எடுத்துக் குத்திக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்து நேராக்கினாள். நானும் முதல் நாள் அப்படித்தான் செய்தேன்.

இன்று முழுக்கப் பள்ளிக்கூட ஞாபகம். ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் ஒரு நாள் புத்தகப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். அடுத்த வாரம் அந்தப் பெஞ்சில் நான் மட்டும். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. நானாகத்தான் எழுந்து வந்தேன், பள்ளிக்கூடத்தை விட்டே. வீட்டில் தலைவலி என்றேன். நாலு வருடமாக அந்தத் தலைவலி.

இந்தத் தடவை நானாகப் போகவில்லை. அனுப்பியிருக்கிறார்கள். அது வேறு, இல்லையா?

மார்ச் 15, சனி

அம்மாவிடம் சொன்னேன். "உள்ள இருந்தா என்னடி, நிழல்தான? நாலு பேரு பார்வை படாம இருக்கலாம்" என்றாள். அவளுக்கு என் மேல் பாசம்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அண்ணன் தட்டில் கையைக் கழுவிவிட்டு, "அந்த ஆளு அப்படியேவா சொன்னான்? கையப் பாத்து?" என்றான்.

"ம்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அதான. ஊமைக்கோட்டான்கிட்ட சொன்னா செவுத்துகிட்ட சொன்ன மாதிரி, பாதுகாப்பா இருக்கும்னு நெனச்சிருப்பான்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "லேபர் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? எங்க ஒர்க்‌ஷாப் பக்கத்துலதான்" என்றான்.

மார்ச் 21, வெள்ளி

கவுன்டரில் ஒரே கூச்சல். ஒருவர் பேன்ட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ள என்னையும் எங்க மச்சானையும் சேத்துப் போட்டாலும் எடம் மிச்சம் இருக்கும்!" என்று கத்துகிறார். ஸ்டீம் அறை ஜன்னல் வழியாகச் சீட்டைப் பார்த்தேன். 89. அடியில் கோடு இல்லை. பத்து நாளில் இது நாலாவது.

அவர் போனதும் ஜன்னல் வழியாகப் புதுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். கண்ணில் தண்ணீரோடு, "இத ஏன் யாரும் எனக்குச் சொல்லல?" என்றாள்.

சொல்ல வேண்டியவளைத்தான் உள்ளே தள்ளிவிட்டார்களே.

மார்ச் 24, திங்கள்

எனக்கு வார விடுமுறை. போய்விட்டேன். லேபர் ஆபீஸுக்கு. தனியாக.

வாசலில் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போனதற்குக் காரணம் தைரியம் இல்லை, மழை.

கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி போட்ட மேடம் ஒரு படிவம் கொடுத்தார். ஓரமாக உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மனசு கஷ்டமா இருந்துச்சு, அவமானமா இருந்துச்சுன்னு எழுதியிருக்க. இருக்கும்தான். ஆனா அத வெச்சு நான் என்னம்மா பண்றது? என்ன செஞ்சாங்க, என்னிக்கு, யாரு, என்ன சொல்லிச் செஞ்சாங்க? அது எங்க?"

படிவத்தை மறுபடி பார்த்தேன். உண்மையில் கேள்விகள் எல்லாம் அதிலேயே இருந்தன. பயத்தில் நான் படிக்கவே இல்லை. உங்கள் இடத்தில் இப்போது யார்? அவருக்கு உங்களைவிட அனுபவம் அதிகமா? உங்கள் வேலையில் குறை என்று முன்பு எப்போதாவது சொல்லப்பட்டதா? பார்த்தவர், கேட்டவர் யார்? ஒவ்வொரு கேள்வியாகப் பதில் எழுதும்போது ஒன்று புரிந்தது. எனக்கு நடந்தது மோசம் என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. என் தோலுக்காகத்தான் நடந்தது, வேறு எதற்காகவும் இல்லை என்று காட்டச் சொல்கிறார்கள்.

முதலில் முதலாளிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டுமாம். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்க வேண்டுமாம். பதில் சரியில்லை என்றால் இங்கே வரலாம், ஆனால் நடந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளைக்குள்.

"தொண்ணூத்தி ஒண்ணாவது நாள் வந்து அழுதா நானும் கூட அழ வேண்டியதுதான்" என்றார் மேடம்.

மார்ச் 26, புதன்

ஐந்து தடவை எழுதினேன். முதல் நாலில் 'தயவுசெய்து' என்ற சொல் மொத்தம் பதினேழு இடத்தில் இருந்தது. ஐந்தாவதில் ஓர் இடத்தில்கூட இல்லை.

மேனேஜரிடம் கொடுத்தால் அத்தாட்சி தரமாட்டார். அதனால் கவுன்டருக்கு முன்பக்கமாகப் போய் நின்றேன், துணி போட வருகிறவர்கள் மாதிரி. புதுப் பெண் வாயைப் பிளந்தாள். "முதலாளிக்கு ஒரு கடிதம். வாங்கிக்கிட்டதா நகல்ல முத்திரை வேணும்." அவள் என்னைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், துணி ரசீதில் குத்தும் முத்திரையை எடுத்து நச்சென்று குத்தினாள். 'பெறப்பட்டது', கடையின் பெயர், இன்றைய தேதி.

"சீட்டு குத்தணுமா?" என்று கேட்டாள். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கடிதம் கொடுத்த மூன்றாம் நாளே என் விடுமுறையைத் திங்களிலிருந்து புதனுக்கு மாற்றிவிட்டார்கள். பஞ்சு அடைத்த சாக்கடைத் தொட்டியை அள்ளும் வேலையும் இனி எனக்குத்தான். ஆட்கள் முறை வைத்துச் செய்துகொண்டிருந்த வேலை அது.

மேடத்திடம் போனில் சொன்னேன். "புகார் குடுத்ததுக்காகத் தண்டிச்சா அது தனித் தப்பு. தேதி போட்டு எழுதி வை." எழுதிவிட்டேன். இதோ.

நேற்று தொட்டிக்கு அந்த மஞ்சள் கையுறையைப் போட்டுக்கொண்டேன். கடைசியில் அது அதற்குரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இஸ்திரி அக்காவிடம் கேட்டேன், அன்று மேனேஜர் சொன்னது காதில் விழுந்ததா என்று. தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலடி. என்னை எதுலயும் இழுக்காத. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

ஏப்ரல் 9, புதன்

பதில் வந்தது. தட்டச்சு செய்த முழுப் பக்கம், மேனேஜர் கையெழுத்து. என் தோலுக்கும் இடமாற்றத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையாம். 'பணியாளர் எண் 14' துணிகளை ஆள் மாற்றிக் கொடுத்ததாக நாலு புகார் வந்ததால் மார்ச் 22-ஆம் தேதி உள்ளே மாற்றினார்களாம். புகார்களின் நகலும் இணைப்பு.

பொய். பச்சைப் பொய். கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்றாங்க. நானா மாத்திக் குடுத்தேன்? நானா? ஒரு வருஷமா ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறினதில்ல! எம்மேல கை நீட்டினாகூடப் பரவால்ல, என் வேலை மேல—

(அரை மணி நேரம் கழித்து.)

நகல்களைப் பார்த்தேன். மார்ச் 12, மார்ச் 18, மார்ச் 19, மார்ச் 21.

மறுபடி பார்த்தேன். எட்டாம் தேதியே நான் உள்ளே போய்விட்டேன். 14 என்பது ஆளுக்கு உள்ள எண் இல்லை, ஆணிக்கு உள்ள எண். யார் கவுன்டரில் நிற்கிறாரோ அவர் 14. எங்கள் கடையில் அது எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. அங்கெல்லாம் ஆளுக்கு ஒரு எண்ணாம். 14-ஐ நான் என்று நினைத்து நாலு நகலையும் எடுத்து இணைத்துவிட்டார்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

சிரித்தது தப்பு. அந்த நாலும் என்னுடையது இல்லை என்றால் வேறொருத்தியுடையது. அவளுடையது.

இன்று தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து அவளிடமே சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அவள் இன்னும் மூன்று மாதச் சோதனைக் காலத்தில்தான் இருக்கிறாள்.

"அப்போ என்னை அனுப்பிடுவாங்கல்ல?"

அவள் 14-ஐத் திருகிக்கொண்டே நின்றாள். அவள் என்ன செய்தாள் எனக்கு? காலி இடத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான். பெஞ்சில் பையை வைத்தவள் இவள் இல்லை.

வாயை மூடிக்கொண்டால் என் வேலை மேல் விழுந்த கறை அப்படியே இருக்கும். திறந்தால் இவள் போவாள். நடுவில் வழி ஏதாவது இருக்கிறதா?

ஏப்ரல் 16, புதன்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். நாற்பதாவது நாள்.

எட்டாம் தேதியே உள்ளே போனதற்கு என்ன ஆதாரம் என்று மேடம் கேட்டார். இரண்டு இருக்கிறது என்றேன். ஒன்று பாய்லர் நோட்டு. அதை விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கடைக்கு எழுதினார். இரண்டாவது இந்த நோட்டு.

"அன்னன்னிக்கு எழுதினதா? அப்போ மூல நோட்டே வேணும். முடிஞ்சதும் தந்துடுவோம்."

உயிரே போய்விட்டது. இதில் தலைவலி இருக்கிறது. பெஞ்சு இருக்கிறது. அம்மா சொன்னது இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தரலாமா என்று கேட்டேன்.

"கிழிச்ச பக்கத்துல என்ன இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க."

வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கொடுத்துவிடுவேன். படிக்கட்டும். யார் யார் படிக்கிறார்களோ, வணக்கம். இதில் எதையும் உங்களுக்காக எழுதவில்லை. எதையும் உங்களுக்காக மாற்றப்போவதும் இல்லை.

மே 7, புதன் (தனித்தாள்)

விசாரணை. நீள மேசை. ஒரு பக்கம் முதலாளி, மேனேஜர். பாய்லர் நோட்டைத் தூக்கிக்கொண்டு இஸ்திரி அக்கா, அது அவள் பொறுப்பு. சாட்சிக்கு என்று புதுப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நான். அண்ணன் வெளியே, ஒர்க்‌ஷாப் கிரீஸ் கையோடு.

மேனேஜர் கால் மணி நேரம் பேசினார். சுத்தம், வாடிக்கையாளர், நிர்வாகம். பணியாளர் எண் 14 கவனக்குறைவானவர். பிறகு மேடம் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது மேசையைப் பார்த்தேன். மரப் பலகை. அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார், தன் துணி என்கிறார். இதை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்திருக்கிறேன்.

"ரசீது இருக்கா சார்?" என்றேன்.

"என்ன?"

"அந்த நாலு புகாரும் இருக்கில்ல. தேதியப் படிங்க சார்."

படித்தார். நான் பாய்லர் நோட்டைத் திருப்பி ஒவ்வொரு தேதியிலும் என் கையெழுத்தைக் காட்டினேன். பன்னிரண்டு, பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொன்று. எட்டிலிருந்து, விடுமுறை தவிர எல்லா நாளும்.

"ஆனா பதினாலு இவ நம்பர்தான!" என்றார் மேனேஜர்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "அது ஆளு நம்பர் இல்லைய்யா. கவுன்டர் நம்பர். எங்கப்பா காலத்துலேருந்தே ஆணியிலதான் தொங்குது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்து மார்ச் 7-க்குத் திருப்பினார். நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை அழுத்தக் கட்டத்தில் 'நிறுத்தம்' என்று இருந்தது, இஸ்திரி அக்காவின் கையெழுத்தில். மேடம் அவளைப் பார்த்தார். "நாலரைக்கு அங்க என்ன பேசினாங்கம்மா?"

அக்கா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதியதையே.

"அப்ப மெஷின் ஓடல மேடம்" என்றாள். "கேட்டுச்சு." பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னாள். 'நம்ம தொழிலே சுத்தம்' வரைக்கும்.

"அப்போ அந்த நாலு தப்பும் யாரோடது?" என்று முதலாளி கேட்டார். புதுப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

"கோடு போடணும்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல சார். சொல்லிக் குடுக்க வேண்டியவ நான். என்னைத்தான் உள்ள அனுப்பிட்டீங்களே. நான் சொன்ன நாளுக்கு அப்புறம் ஒரு புகாராவது வந்திருக்கா? அவளை அனுப்பினா நான் எந்தச் சமாதானத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

இவ்வளவும் நான்தான் பேசினேனா?

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான், "என்னடி, பேசினியா?" ம் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

மே 20, செவ்வாய் (தனித்தாள்)

உடன்பாடு எழுதியாகிவிட்டது. நான் கவுன்டருக்குத் திரும்ப வேண்டும். மாற்றியது என் தோலைக் காரணமாக வைத்துத்தான், அது தவறு என்று கடை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். விடுமுறை மறுபடி திங்கள். தொட்டி மறுபடி முறை வைத்து. புதுப் பெண் இருப்பாள்.

மேனேஜரும் இருக்கிறார். எழுதிக் கொடுத்தவர் அவர்தான், மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் பக்கத்தில் எங்கும் காணோம். 'வருந்துகிறோம்' இருக்கிறது. 'றோம்'. போகட்டும். அந்தத் தாளை அவர் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டால் போதும். நான் கண் முன்னால் நின்றுகொண்டு ஞாபகப்படுத்துவேன்.

ஜூன் 3, செவ்வாய்

வந்தவை ஐம்பத்திரண்டு. போனவை நாற்பத்தொன்பது.

கவுன்டரில் இப்போது இரண்டு ஆணி. 14 அவளுக்கே இருக்கட்டும் என்றேன். எனக்கு 15, புதிதாக அடித்தது, ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. இஸ்திரி அக்கா ஜன்னல் வழியாக, "என்னடி வக்கீலம்மா, சட்டை எடுத்துட்டுப் போறியா இல்ல அதுக்கும் ரசீது கேப்பியா?" என்றாள். கேட்டேன்.

மதியம் ஒரு பெண்மணி புடவை வாங்க வந்தார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். "என்னம்மா கையில?"

"தோல் நிறம் மாறியிருக்குங்க. ஒட்டாது. ரசீது இருக்கா?"

இருந்தது. கொடுத்தார். என் கையிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டார். அடுத்து ஒருவர் மூன்று சட்டையோடு காத்திருந்தார்.

சாயங்காலம் லேபர் ஆபீஸிலிருந்து இந்த நோட்டு திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் முத்திரை. 'தலைவலி' மேலேயும் ஒன்று குத்தியிருக்கிறார்கள். தனித்தாள்களை அதனதன் இடத்தில் ஒட்டினேன்.

இந்தப் பக்கத்தில் முத்திரை இல்லை.